கசப்பு பிடிக்காதவர் எந்த பீரிலிருந்து தொடங்கலாம்? சில வகைகளைப் பற்றிய மதிப்பீடு

பீரை முதன்முதலாகச் சுவைப்பவர்களில் பெரும்பாலோர் முகம் சுளிப்பது அதன் கசப்பினால்தான். அருகிலிருப்பவர்கள் அப்போது இரண்டு அறிவுரைகளில் ஒன்றைச் சொல்வார்கள். குடிக்கக் குடிக்கப் பழகிவிடும் என்பது ஒன்று; வெளிர் நிறமாகவும் நன்றாகக் குளிர்ந்ததாகவும் பார்த்து வாங்கினால் கசக்காது என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பிடிக்காத ஒன்றை வலிந்து பழகிக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இல்லை; பீரே வேண்டாம் என்று விலகிவிடுவதும் மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் உரிய வயதை எட்டிய ஒருவர், அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு முன்வந்து, கசப்பு மிகுந்த ஒரு வகையை மட்டும் சுவைத்துவிட்டு, பீர் என்றாலே இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பீர்களுக்கிடையே கசப்பில் உள்ள வேறுபாடு பத்து மடங்குக்கும் மேற்பட்டது. கசப்பு மிகக் குறைந்தவை என்பதற்காக அவற்றைத் தொடக்கநிலைப் பானங்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவற்றுள் சில, வாழ்நாள் முழுவதும் பீரைச் சுவைத்து வருபவர்களும் விரும்பித் திரும்பி வருகிற தரம் உடையவை.

இங்கே நான் எடுத்துக்கொண்டுள்ள அளவுகோல் எளியது. கசப்பு குறைவாக இருந்தால் மட்டும் போதாது. கசப்பு விலகிய இடத்தில் வேறு ஏதேனும் ஒரு சுவையோ மணமோ நிறைந்திருக்க வேண்டும். கசப்பும் இல்லாமல் வேறெதுவும் இல்லாமல் இருக்கும் பீர், புதியவரை முகம் சுளிக்க வைக்காது என்பது உண்மையே. ஆனால் இன்னொரு வாய் குடிக்கும் ஆவலையும் அது தூண்டாது.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். மால்ட் ஆக்கப்பட்ட, அதாவது முளைவிடச் செய்து உலர்த்திய, பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு இனிப்பாகவே இருக்கும். அந்த இனிப்பைச் சமன்செய்யவும், கெட்டுப்போகாமல் காக்கவும், மணமூட்டவும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கதிர்களைச் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறி ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன; பீரின் கசப்பில் பெரும்பகுதி இவற்றுடையதுதான். ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் அதை ஓர் ஐ.பி.யூ. என்று கணக்கிடுவது வழக்கம். போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் பி.ஜே.சி.பி. வழிகாட்டியின் 2021 ஆம் ஆண்டுப் பதிப்பு ஒவ்வொரு வகைக்கும் இந்த அளவைத் தருகிறது: புளிப்பு பீரான பெர்லினர் வைஸ 3 முதல் 8 வரை, பவேரியக் கோதுமை பீரான வைஸ்பீர் 8 முதல் 15 வரை, மியூனிக் ஹெல்லெஸ் 16 முதல் 22 வரை, ஜெர்மன் பில்ஸ் 22 முதல் 40 வரை, ஹாப்ஸ் மிகுந்த அமெரிக்க ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) 40 முதல் 70 வரை.

இந்த எண் நல்ல வழிகாட்டி. ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். பீரில் மிச்சமிருக்கும் மால்ட் இனிப்பு கசப்பை மறைத்துவிடும். ஒரே அடர்த்தியுள்ள காப்பியைச் சர்க்கரையோடும் சர்க்கரை இல்லாமலும் குடித்துப் பார்த்தால் கிடைக்கும் வேறுபாடுதான் இங்கும் கிடைக்கிறது. 25 ஐ.பி.யூ. கொண்ட கனமான, இனிப்பான டாப்பல்பாக் என்னும் வலிமை கூடிய ஜெர்மன் பீர் கசப்பதாகவே தோன்றாது. அதே 25, மெலிந்து உலர்ந்த, அதாவது இனிப்பு எஞ்சாத, ஒரு லாகரில் (குளிர்நிலையில் புளிக்கவைத்த பீரில்) இருந்தால் நாவின் பின்பகுதியில் நெடுநேரம் தங்கும். வறுத்த தானியத்தின் கரிந்த கசப்பு இந்தக் கணக்கில் வராது. கரைந்திருக்கும் கரியமில வாயுவின் சுருக்கென்ற உறைப்பையும் பலர் கசப்போடு சேர்த்தே உணர்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, மனிதருக்கு மனிதர் நாவும் வேறுபடுகிறது. கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதரிடம் சுமார் 25 வகை இருக்கின்றன. அவற்றின் கூர்மை மரபணுவைப் பொறுத்து மாறுகிறது. எனவே ஒருவருக்கு மென்மையாகத் தோன்றும் பீர் இன்னொருவருக்கு உண்மையாகவே கடுமையாக இருக்கலாம். அதை நாசூக்கு என்றோ பழக்கமின்மை என்றோ தள்ளிவிடக் கூடாது.

முதல் தேர்வாக நான் முன்வைப்பது பவேரிய வைஸ்பீர். ஹெஃபெவைட்சன் என்றும் இதற்குப் பெயருண்டு. இதில் பாதிக்குக் குறையாத பங்கு கோதுமை மால்ட். ஹாப்ஸ் மிகக் குறைவு. இதன் மணத்தை ஆள்வது ஈஸ்ட். இவ்வகைக்கே உரிய ஈஸ்ட், புளிக்கும்போது இரண்டு பொருள்களை உருவாக்குகிறது. ஐசோஅமைல் அசிட்டேட் பழுத்த வாழைப்பழத்தின் மணத்தையும், 4-வினைல்குவாயகால் கிராம்பின் மணத்தையும் தருகின்றன. வாழைப்பழமோ கிராம்போ சிறிதும் சேர்க்கப்படாத பானத்தில் இந்த மணங்கள் எழுவது முதன்முறை முகர்ந்து பார்ப்பவரை வியப்பில் ஆழ்த்தும். கசப்பை எதிர்பார்த்துத் தயங்கி நிற்கும் ஒருவருக்கு அந்த வியப்பே பாதித் தயக்கத்தைப் போக்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வகையில் எனக்கு முதன்மையானது வைஹன்ஸ்டெஃபனர் ஹெஃபெவைஸ்பீர். மியூனிக்கை அடுத்த ஃபிரைசிங் நகரில், பவேரிய அரசுக்குச் சொந்தமான ஆலையில் தயாராகிறது. தன் வரலாறு 1040 ஆம் ஆண்டில் தொடங்குவதாக அந்த ஆலை குறிப்பிடுகிறது. ஆல்கஹால் 5.4 விழுக்காடு, கசப்பு 14 ஐ.பி.யூ. இந்த எண்களை விட முக்கியமானது அதன் சமநிலை. வாழைப்பழ மணம் முன்னால் வந்தாலும் திகட்டுவதில்லை. கிராம்பின் சாயல் பின்னால் வந்து அதை ஒழுங்குபடுத்துகிறது. வாயில் மெத்தென்று நிறைந்து, விழுங்கிய பின் கசப்பு எதையும் விட்டுச் செல்லாமல் மறைகிறது. ஒரே ஒரு பீரை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பவுலானர் ஹெஃபெவைஸ்பீர் 5.5 விழுக்காடு, சற்று இனிப்பு கூடியது, வாழைப்பழ மணம் அதில் இன்னும் வெளிப்படையானது, ஆகவே மிகவும் தயங்குபவருக்குப் பொருத்தமானது. எர்டிங்கர் இவை எல்லாவற்றிலும் மென்மையானது, 5.3 விழுக்காடு. அதன் மென்மையைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். ஈஸ்டின் குணங்கள் அதில் அடங்கியே இருக்கின்றன என்பது சரிதான். ஆனால் கிராம்பு மணமே ஒவ்வாதவருக்கு அந்த அடக்கம் ஒரு வரம்.

ஷ்னைடர் வைஸ சற்று வேறுபட்டது. வைஸ்பீர் தயாரிக்கும் உரிமை நெடுங்காலம் பவேரிய அரச குடும்பத்திடம் இருந்தது. மக்கள் அதை மறந்து கருநிற லாகருக்குத் திரும்பிய காலத்தில், 1872 இல், முதலாம் கியோர்க் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்றுத் தொடங்கிய நிறுவனம் இது. அந்தக் குடும்பத்தின் மூல பீர் செம்பொன் நிறமும் சற்றே வறுத்த மால்ட் சுவையும் உடையது. கிராம்பு மணமும் தூக்கலாக இருக்கும். மிகச் சிறந்த பீர்தான். ஆனால் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ சுவைப்பதே நல்லது.

வைஸ்பீரை ஊற்றும் விதமும் சுவையை மாற்றும். இதில் வாயு மிகுதி. கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி நுரை எழச் செய்தால் அந்த உறைப்பு தணியும். குப்பியில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது மெல்லச் சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்டையும் சேர்த்து ஊற்றினால் பீர் கலங்கலாகவும் கனமாகவும் அமையும். கலங்கலைக் கண்டு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். வடிகட்டித் தெளிவாக்கப்பட்ட கிரிஸ்டல்வைட்சன் என்ற வகையும் கிடைக்கிறது. அது கண்ணுக்கு அழகு. ஆனால் கசப்பை அஞ்சுபவருக்கு உதவக்கூடிய அந்த மெத்தென்ற கனம் அதில் குறைவு.

அடுத்து பெல்ஜியத்தின் விட்பீர். மால்ட் ஆக்கப்படாத கோதுமை, கொத்தமல்லி விதை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவை சேர்ந்த வகை இது. இன்று உலகெங்கும் தயாராகும் இந்த பீர் ஒரு காலத்தில் அழிந்தே போயிருந்தது. ஹூகார்டன் என்ற சிற்றூரில் அதைத் தயாரித்து வந்த கடைசி ஆலை 1950 களில் மூடப்பட்டது. அந்த ஆலையில் இளமையில் வேலை செய்திருந்த பியெர் செலிஸ் என்ற பால்காரர், நினைவில் இருந்த முறையைக் கொண்டு 1960 களின் நடுவில் அதை மீண்டும் தயாரிக்கத் தொடங்கினார். ஒரு வகை முழுவதும் ஒரு மனிதரின் விடாமுயற்சியால் பிழைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மிகுந்த மரியாதை உண்டாகிறது. அவர் தொடங்கியதே ஹூகார்டன் என்ற பெயரில் பெரு நிறுவனமொன்றின் கைக்குச் சென்று இன்றும் வருகிறது. ஆல்கஹால் 4.9 விழுக்காடு. இலேசானது, எலுமிச்சைச் சாயல் கொண்டது, பால்போல் வெளிறியது. மல்லி விதையின் மணம் நமக்கு அந்நியமானதன்று என்பதால் இதை ஏற்றுக்கொள்ள மனம் அதிகம் போராடுவதில்லை. மிகச் சிறிய குறை ஒன்று உண்டு: கிளாஸில் நெடுநேரம் இருந்து சூடேறினால் ஆரஞ்சுத் தோலின் மணம் சோப்பின் மணத்தை ஒத்ததாக மாறுவதைச் சிலர் உணர்வார்கள்.

இதே வகையில் செயின்ட் பெர்னார்டஸ் விட், 5.5 விழுக்காடு, கூடுதல் செறிவும் கனமும் உடையது. அதன் உருவாக்கத்திலும் செலிஸுக்குப் பங்குண்டு. அமெரிக்காவில் 1995 முதல் தயாராகும் அலகாஷ் வைட்டும் அருமையானது. மசாலா மணங்களை அடக்கி வாசித்து, கோதுமையின் சுவையை முன்னிறுத்துகிறது. மூன்றில் எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுக்கலாம். கிடைக்குமானால் செயின்ட் பெர்னார்டஸை எடுப்பேன்.

மசாலாவும் பழ மணமும் வேண்டாம், பீர் பீராகவே இருக்க வேண்டும், கசப்பு மட்டும் குறைய வேண்டும் என்பவருக்கு மியூனிக் ஹெல்லெஸ் இருக்கிறது. பொன்னிறமான பில்ஸ்னர் பெற்ற புகழுக்கு விடையாக 1894 இல் ஸ்பாட்டன் ஆலை இதை வெளியிட்டது. நிறத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் குணத்தில் எதிரெதிரானவை. பில்ஸ்னரில் ஹாப்ஸ் முன்னிற்கும். ஹெல்லெஸில் மால்ட் முன்னிற்கும். புதிதாகச் சுட்ட ரொட்டியின் உட்பகுதியை நினைவூட்டும் இளம் இனிப்பும், இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவிலான கசப்பும் சேர்ந்தது அது. ஆகுஸ்டினர் ஹெல், ஸ்பாட்டன் மியூன்ஷ்னர் ஹெல் இரண்டும் 5.2 விழுக்காடு, ஆகுஸ்டினரின் மென்மைக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் ஹெல்லெஸ் நுட்பமான பீர். வைஸ்பீரைப் போல முதல் வாயிலேயே தன்னை அறிவித்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வகைகளைச் சுவைத்த பிறகு இதனிடம் வந்தால் இதன் அருமை விளங்கும்.

வெளிர் நிறம் என்றால் கசப்பு குறைவு என்ற நம்பிக்கையை உடைக்க இந்த இரண்டு பொன்னிற பீர்களுமே போதும். 1842 இல் பில்சன் நகரில் யோசஃப் குரோல் உருவாக்கியதும், பில்ஸ்னர் என்ற பெயருக்கே மூலமானதுமான பில்ஸ்னர் உர்க்வெல், பளபளக்கும் பொன்னிறமும் வெறும் 4.4 விழுக்காடு ஆல்கஹாலும் கொண்டது. ஆனால் கசப்பு 40 ஐ.பி.யூ. அளவில் இருக்கும். உலகின் மகத்தான பீர்களுள் ஒன்று அது. அதனாலேயே, அதை அனுபவிக்கத் தயாராகும் முன் ஒருவர் அதை வெறுத்துவிட நேர்வதை நான் விரும்பவில்லை. மறுபுறம், கருநிற பீர்கள் பலவும் நிறம் அச்சுறுத்தும் அளவுக்குக் கசப்பவை அல்ல. நிறம் வருவது மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்பதிலிருந்து; கசப்பு வருவது முதன்மையாக ஹாப்ஸை எவ்வளவு கொதிக்க வைத்தார்கள் என்பதிலிருந்து. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை.

இதற்கு நல்ல சான்று மியூனிக் டுங்கல். ஐயிங்கர் ஆலையின் ஆல்ட்பைரிஷ் டுங்கல், 5 விழுக்காடு, ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். ரொட்டியின் மேலோடு, இளம் கேரமல், கொட்டைகள் ஆகியவற்றின் சுவைகள் அடுத்தடுத்து வரும். கரிந்த சுவையோ துவர்ப்போ வராது. கருநிற பீரைக் கண்டு அஞ்சும் ஒருவர் கண்களை மூடிக்கொண்டு இதைச் சுவைத்தால் தான் குடிப்பது கருநிறமானது என்று ஊகிக்கவே மாட்டார். கோஸ்ட்ரிட்சர் ஷ்வார்ஸ்பீர் ஏறத்தாழக் கறுப்பாகவே இருந்தாலும் 4.8 விழுக்காடுதான், வாயில் கனமின்றி மெலிந்தது. அதில் கொக்கோவைப் போன்ற இளங்கசப்பு ஒன்று கடைசியில் எட்டிப் பார்க்கும். கறுப்புக் காப்பியை விரும்புபவருக்கு அது குறையாகத் தோன்றாது.

நன்கு வறுத்த தானியத்தில் தயாராகும் கருநிற பீரான ஸ்டவுட்டைப் பொறுத்தவரை கொஞ்சம் எச்சரிக்கை தேவை. எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் கின்னஸ் டிராட்டில் கரியமில வாயுவோடு நைட்ரஜனும் சேர்ந்திருப்பதால் நுரை பாலேடு போல அமைகிறது, வாயில் மிருதுவாக இருக்கிறது, ஆல்கஹாலும் 4.2 விழுக்காடுதான். ஆனால் அது உலர்ந்த ஸ்டவுட். வறுத்த பார்லியின் கசப்பும் ஹாப்ஸின் கசப்பும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. நைட்ரஜனின் மிருதுத்தன்மை அதைப் பெருமளவு மறைத்துவிடுகிறது என்பதால் பலர் எளிதாகக் குடித்துவிடுகிறார்கள். சிலர் விழுங்கிய பின் வரும் கசப்பில் திகைக்கிறார்கள். கசப்பே ஆகாது என்பவருக்கு அதற்குப் பதிலாக மில்க் ஸ்டவுட்டைச் சொல்வேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்த்துத் தயாரிப்பது இது. பீர் ஈஸ்ட்டால் லாக்டோஸை உண்ண முடியாது. எனவே அந்த இனிப்பு பீரிலேயே தங்கி, வறுத்த தானியத்தின் கசப்பைச் சமன்செய்கிறது. அமெரிக்காவின் லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டவுட், 6 விழுக்காடு, இவ்வகையில் நம்பத்தகுந்தது. பால் சேர்த்த காப்பியையும் சாக்லேட்டையும் விரும்புபவருக்கு வைஸ்பீரை விடவும் பிடித்துப்போகலாம். லாக்டோஸ் செரிக்காதவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கசப்பு பிடிக்காது, ஆனால் புளிப்பு பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு தனி உலகமே திறந்திருக்கிறது. இதைப் பெரும்பாலோர் அவர்களுக்குச் சொல்வதே இல்லை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில், காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் வாழும் இயற்கை ஈஸ்ட்டாலும் நுண்ணுயிரிகளாலும் தானாகவே புளிக்கவிட்டுத் தயாரிப்பது லாம்பிக். இதில் ஹாப்ஸ் நிறையவே சேர்க்கப்படுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் காயவைத்துப் பழையதாக்கிய ஹாப்ஸ். கசப்பூட்டும் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிட்டு, பீரைக் காக்கும் ஆற்றலை மட்டும் அது தக்கவைத்துக்கொள்கிறது. அதனால் லாம்பிக்கில் கசப்பு ஏறத்தாழ இல்லை, புளிப்பே ஆள்கிறது.

இந்த லாம்பிக்கோடு பழங்களைச் சேர்த்து இனிப்பூட்டி வரும் பீர்களில் பரவலாகக் கிடைப்பவை லின்டெமான்ஸ் நிறுவனத்தினுடையவை. 1822 முதல் இயங்கும் அந்த ஆலையின் செர்ரிப் பழ பீரான கிரீக் 3.5 விழுக்காடு, ராஸ்பெர்ரி பீரான ஃபிராம்ப்வாஸ் 2.5 விழுக்காடு. இரண்டும் பழச்சாற்றுக்கு மிக அருகில் நிற்கின்றன. பீரென்று சொல்லாமல் கொடுத்தால் ஒருவர் கண்டுபிடிக்கமாட்டார். நூறு விழுக்காடு கசப்பை வெறுப்பவருக்கும் இவை பிடிக்கும். ஆனால் இனிப்பு மிகுதி. ஒரு சிறு கிளாஸுக்கு மேல் எனக்கு இறங்குவதில்லை. இவற்றிலிருந்து மற்ற பீர்களுக்குச் செல்லும் பாதையும் எளிதாக அமைவதில்லை. அதே கிரீக் என்ற பெயரில் கான்டியோன் ஆலை தயாரிப்பதில் இனிப்பே இல்லை. கூர்மையான, மிகவும் புளித்த பீர் அது. பெயரை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வாங்கினால் அதிர்ச்சிதான் மிஞ்சும்.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே நிற்பது ரோடன்பாக். பெரிய ஓக் மரத் தொட்டிகளில் முதிரவைத்த பழைய பீரையும் இளம் பீரையும் கலந்து தயாராகும் இதன் அடிப்படை வகை, 5.2 விழுக்காடு, செம்பழுப்பு நிறமும் புளிச்செர்ரியின் சாயலும் உடையது. முதிர்ந்த பீரின் பங்கு மிகுந்த கிராண்ட் குரூவை விட இது மென்மையானது. சிவப்பு வைன் அருந்தும் பழக்கமுள்ளவர்களுக்கு உடனே பிடிக்கும். ஜெர்மனியின் கோஸ என்ற வகையில் கொத்தமல்லி விதையோடு உப்பும் சிறிது சேர்கிறது. சோடியம் நாவில் கசப்பை உணரும் திறனை மங்கச் செய்யும் என்பதால், இயல்பாகவே குறைந்த அதன் கசப்பு இன்னும் குறைந்து தெரிகிறது. வெயிலில் களைத்து வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பீர் அரிது.

பீரையும் எலுமிச்சைப் பானத்தையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலக்கும் ராட்லரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கசப்பும் ஆல்கஹாலும் பாதியாகக் குறைகின்றன, தாகத்துக்கு நல்லது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கிரேப்ஃபுரூட் சேர்த்த ராட்லர்கள் புகழ்பெற்றவை என்றாலும் அந்தப் பழத்துக்கே உரிய கசப்பு அவற்றில் இருக்கிறது. முதல்முறை எடுப்பவர் எலுமிச்சை வகையையே எடுக்கட்டும். ஆல்கஹால் நீக்கிய வைஸ்பீர்களையும், குறிப்பாக எர்டிங்கர், வைஹன்ஸ்டெஃபனர் நிறுவனங்களின் தயாரிப்புகளையும், நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். மால்ட்டின் இனிப்பு அவற்றில் எஞ்சி நிற்பதால் கசப்பு பெரிதாகத் தெரிவதில்லை. ஆல்கஹாலைத் தவிர்த்துவிட்டுச் சுவையை மட்டும் அறிந்துகொள்ள விரும்புபவருக்கு இதுவே நேர்வழி.

பரவலாகக் கிடைக்கும் இலேசான அமெரிக்க லாகர்களை ஏன் முன்வைக்கவில்லை என்று கேட்கலாம். வழிகாட்டிப்படி அவற்றின் கசப்பு 8 முதல் 12 ஐ.பி.யூ. தான், வைஸ்பீருக்கு இணையானது. ஆனால் கசப்பு நீங்கிய இடத்தில் அங்கே வேறெதுவும் இல்லை. அதனால்தான் அவை உறையும் அளவுக்குக் குளிரவைத்துப் பரிமாறப்படுகின்றன. குளிர் நாவை மரத்துப்போகச் செய்து கசப்பை ஓரளவு மறைக்கும், ஆனால் இனிப்பையும் மணத்தையும் அதைவிட அதிகமாக மறைத்துவிடும். கிளாஸின் அடிப்பகுதிக்கு வரும்போது சூடேறிய பீர் சப்பென்று ஆகிவிடுகிறது. நான் சொன்ன வைஸ்பீரும் விட்பீரும் 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலும், டுங்கலும் மில்க் ஸ்டவுட்டும் அதற்குச் சற்று மேலும் இருந்தால்தான் முழுமையாக மணக்கும்.

இன்னொரு கவனக் குறிப்பு, இனிப்பான பீர்களின் வலிமை பற்றியது. பவுலானர் சால்வடார், ஐயிங்கர் செலப்ரேட்டர் போன்ற டாப்பல்பாக்குகளும், வெஸ்ட்மாலே டுபெல், ஷிமே ரூஜ் போன்ற பெல்ஜிய டுபெல்களும் கேரமலும் உலர்பழமும் மணக்கும் அற்புதமான பீர்கள். கசப்பு அவற்றில் மிக மெல்லியது. அதனாலேயே அவற்றின் ஆல்கஹால் தெரியாமல் போய்விடும். சால்வடார் 7.9, செலப்ரேட்டர் 6.7, அந்த இரு டுபெல்களும் 7 விழுக்காடு. கசப்பு என்பது ஒரு வகையில் குடிப்பவரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடை. அது இல்லாதபோது அந்தக் கட்டுப்பாட்டை நாமே ஏற்க வேண்டியிருக்கிறது. ஒன்றை இருவர் பகிர்ந்து, மெதுவாக, தண்ணீரும் அருகில் வைத்துக்கொண்டு சுவைப்பதே முறை. அதன் பிறகு வண்டி ஓட்டுவது கூடவே கூடாது.

கசப்பைத் தவிர்ப்பவர்கள் பழச்சாறு போன்ற மணத்தை நம்பிக் கலங்கலான ஐ.பி.ஏ.க்களை எடுப்பதும் உண்டு. கொதிக்கும்போது சேர்க்காமல், பிறகு சேர்க்கும் ஹாப்ஸ் மாம்பழம், அன்னாசி போன்ற மணங்களை அள்ளித் தருவதும், பழைய பாணி ஐ.பி.ஏ.க்களை விட அவை மிருதுவாக இருப்பதும் உண்மை. ஆயினும் கசப்பு 60 ஐ.பி.யூ. வரை செல்லக்கூடும், தொண்டையில் உறுத்தும் ஒரு பச்சைத்தன்மையும் பலவற்றில் இருக்கிறது. 1980 முதல் வரும் சியெரா நெவாடா பேல் ஏல், கசப்பைத் தாங்கத் தொடங்கிய பின் சுவைக்க வேண்டிய அருமையான பீர், தொடக்கத்துக்கு உரியதன்று.

குடிக்கும்போது கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று. ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் நுரையில் செறிந்து சேர்கின்றன. ஆகவே நுரை, அதன் கீழுள்ள பீரை விடக் கசப்பானது. முதல் வாயில் நுரையை மட்டும் உறிஞ்சிவிட்டு முகம் சுளிக்கும் புதியவர், உண்மையில் அந்த பீரின் மிகக் கசப்பான பகுதியைத்தான் சுவைத்திருக்கிறார். நுரையைச் சற்று அமரவிட்டு, அதன் அடியிலிருந்து ஒரு நிறைந்த வாய் அருந்த வேண்டும். குப்பியிலிருந்தே நேராகக் குடிப்பதையும் தவிர்க்கலாம். மணம் மூக்கை அடையாமல் போய், நாவில் கசப்பு மட்டுமே எஞ்சும்.

வாங்கும்போது பெரும்பாலான குப்பிகளில் ஐ.பி.யூ. அச்சிடப்பட்டிருக்காது, வகையின் பெயரைத்தான் நம்ப வேண்டும். வைஸ், வைட்சன், விட், விட்பீரின் பிரெஞ்சுப் பெயரான பிளான்ஷ், ஹெல்லெஸ், டுங்கல், மில்க் ஸ்டவுட் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் எடுக்கலாம். பில்ஸ், பேல் ஏல், பிட்டர், ஐ.பி.ஏ. என்றிருந்தால் இப்போதைக்கு வைத்துவிடலாம். பழுப்புநிறக் குப்பியையோ மூடிய உலோகக் கேனையோ தேர்ந்தெடுப்பது நல்லது. தெளிந்த கண்ணாடியிலும் பச்சைக் கண்ணாடியிலும் ஒளி ஊடுருவி ஹாப்ஸின் அமிலங்களைச் சிதைத்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட நாற்றத்தை உண்டாக்கும். முதல் பீரிலேயே அந்த நாற்றத்தைச் சந்தித்தவர் அதையும் பீரின் இயல்பென்றே எண்ணிவிடுவார். தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். லாம்பிக்கும் டாப்பல்பாக்கும் காத்திருப்பைப் பொறுத்துக்கொள்ளும். வைஸ்பீர், விட்பீர், ஹெல்லெஸ் மூன்றும் பொறுத்துக்கொள்ளா. மாதங்கள் கடக்கக் கடக்க முதலில் மறைவது அந்த வாழைப்பழ மணமும் எலுமிச்சைச் சாயலும் ரொட்டிச் சுவையும்தான். அடுக்கில் முன்னால் நிற்கும் பழைய குப்பியை விட்டு, பின்னாலிருக்கும் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.